லாயத்தில் உழைத்தவர்களின் கதை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அப்பா பினாங்கு பத்து காந்தோங் பந்தயத் திடலில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். மகளைப் பார்க்க இங்கிலாந்து போனபோது நியூமார்க்கெட்டுக்கும் போய் வந்தேன். '2000 கினீஸ்' என்ற பெயர்பெற்ற குதிரைப் பந்தயம் 1809 முதல் நடக்கும் ஊர். அங்கே குதிரைகளுக்கென்றே தனிப் பாதை. அவை சாலையைக் கடக்கும்போது கார்கள் நின்று வழிவிடுகின்றன. விடியற்காலைக் குளிரில் ஒரு சாம்பல் குதிரையின் முதுகிலிருந்து ஆவி பறந்தது. அப்பாவின் சட்டை வாசம் நினைவுக்கு வர, அப்படியே நின்றுவிட்டேன்.

சூதாட்டம் எனக்குப் பிடிக்காது, அது வேறு. ஆனால் 1864-இல் தொடங்கிய நம் பினாங்கு பந்தயக் கழகத்தின் லாயங்களில் உழைத்த தமிழர்களைப் பற்றி யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? இருப்பவர்களிடம் கேட்டு உங்கள் ஞாயிறு பதிப்பில் வெளியிடுங்கள். அப்பா குதிரை தேய்த்த பிரஷ் என்னிடம் இருக்கிறது. படம் எடுத்து நானே முதலில் அனுப்புகிறேன்.

வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு