மாஸ்க்கை வேகவைக்க வேண்டாம், 70 டிகிரி போதும்: டீன் அய்யாவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன் அய்யாவுக்கும் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம். கொரோனா வார்டில் ஆளுக்கு எத்தனை என்95 மாஸ்க் வருகிறது, அதை எத்தனை நாள் ஓட்டுகிறோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. தட்டுப்பாடு, புரிகிறது. போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று எங்கள் ஷிப்ட் மாஸ்க் எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் போட்டு, ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வேகவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். யாருடையது யாருக்கு வந்தது என்றே தெரியவில்லை. எனக்கு வந்ததன் உள்பக்கம் யாரோ பூசிய பவுடர் கறை, கிண்ணம் மாதிரி நிற்க வேண்டியது நசுங்கிக் கிடந்தது, நாடா தொளதொளவென்று தொங்கியது. பின்னால் முடிச்சுப் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி இறுக்கினேன். இரவு ஒரு நோயாளிக்குத் தொண்டையில் குழாய் போட வேண்டியிருந்தது, பக்கத்தில் நின்றது நான். மூச்சு விடும்போதெல்லாம் கண்ணாடி பனித்தது. பனித்தால் மூக்கோரம் காற்று கசிகிறது என்று பயிற்சி வகுப்பில் நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். இரண்டு கையும் வேலையில் இருக்க, முடிந்தவரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வீட்டில் சர்க்கரை நோயோடு மாமியார் இருக்கிறார்.

அதற்கு முந்தின வாரம் ஸ்பிரிட் அடித்துக் காயவைக்கச் சொன்னார்கள். என்95-இன் நடு அடுக்கில் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைகள்மேல் மின்னேற்றம் இருக்கிறது, நுண்துகளை இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். ஸ்பிரிட் பட்டால் அது போய்விடும், மாஸ்க் மட்டும் பார்க்கப் புதுசு போலவே இருக்கும். அந்த மின்னேற்ற முறையை உருவாக்கிய பீட்டர் ட்சாய், பணி ஓய்வு பெற்ற மனிதர், இந்த 2020-இல் மறுபடி ஆய்வில் இறங்கிச் சொன்ன வழி 70 டிகிரி உலர் வெப்பம், ஒரு மணி நேரம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்களும் 70 டிகிரியைச் சோதித்து, இரண்டு தடவை வரை மாஸ்க் தாங்கும் என்றார்கள். இந்தச் சூட்டில் கொரோனா வைரஸ் சாகும், ஆனால் மற்ற கிருமிகளில் சில பிழைத்துக்கொள்ளலாம். அதனால் அவரவர் மாஸ்க் அவரவருக்கே திரும்ப வேண்டும்.

கேட்பது ஒன்றுதான். மைக்ரோபயாலஜி லேபில் இருக்கும், உலர் வெப்பம் தரும் ஹாட் ஏர் ஓவன்களில் ஒன்றை எங்களுக்கு ஒதுக்குங்கள். கண்ணாடிச் சாமானுக்கு 160 வைக்கிற அதே ஓவன், 70-க்குத் திருப்பினால் ஆயிற்று. பெயர் எழுதின காகித உறையில் போட்டு, சூடான உலோகத்தில் மாஸ்க் படாமல் வைத்தால் சரி. புது இயந்திரம் வேண்டாம், டெண்டர் வேண்டாம்.

மார்ச்சில் நாடே எங்களுக்குக் கைதட்டியது. மே மாதம் ஹெலிகாப்டரில் வந்து பூ தூவினார்கள். பூவை மூக்கில் கட்டிக்கொண்டு வார்டுக்குள் போக முடியுமா அய்யா? ஏற்கெனவே லேபில் நிற்கிற ஓவனைக் கேட்டால் "ஃபைல் மேலே போயிருக்கு" என்கிறார்கள். எவ்வளவு மேலே, ஹெலிகாப்டர் உயரத்துக்கா?

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். ஆட்டோகிளேவுக்கு மாஸ்க் அனுப்புவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், அந்த ஓவனைத் தயவுசெய்து ஒதுக்கிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை எனக்கு மறுபடி நைட் டூட்டி.

இப்படிக்கு,
கொரோனா வார்டு ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி