பாவித்த காருக்கு விலை எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் வரி விளம்பரப் பக்கத்தை இரண்டு மாதமாகப் பேனையும் கையுமாக வாசித்து வருகிறேன். மகளுக்கு ஒரு பாவித்த கார் தேவைப்பட்டது. "டொக்டர் பாவித்தது", "பெண் ஒருவர் ஓட்டியது", "புத்தம் புதிது போல", "விலை பேசித் தீர்மானிக்கலாம்" என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். எந்த ஆண்டு செய்த வாகனம், எத்தனை பேர் கை மாறியது, எவ்வளவு கேட்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அழைப்பு எடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது, எடுத்தவர்களில் பாதிப் பேர் தரகர்கள்.

தெஹிவளையில் ஒருவர் 2017 சுசுகி வெகன் ஆர் கார் ஒன்றுக்கு 65 இலட்சம் ரூபா கேட்டார். எப்படி இந்தக் கணக்கு என்றேன். "2022 இல நான் 62 குடுத்து எடுத்தது அண்ணை, நட்டத்துக்கு விக்க ஏலாது" என்றார். பத்தரமுல்லையில் இன்னொருவர் இதைவிட ஒரு படி மேலே போய், லீசிங் வட்டியையும் கூட்டி எனக்கு இவ்வளவு முடிந்தது என்று சொன்னார். அவர் கட்டிய வட்டி எனக்கு எதற்கு?

அந்த 62 எங்கிருந்து வந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. புதிதாக எதுவும் வராத நாட்டில் ஓடிக்கொண்டிருந்த கார்களுக்குச் சொன்னதுதான் விலை, வாங்கியவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்துவிட்டது. ஆனால் இன்ஜின் கொள்ளளவைப் பார்த்து உற்பத்தி வரி, சுங்கத் தீர்வை, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் வற் எனும் பெறுமதி சேர் வரி என்று அடுக்கியதில் புதுக் காரும் மலிவாக இல்லை, அதனால் பழையதும் நாம் எதிர்பார்த்த மாதிரி விழவில்லை. சரி, விழாமல் இருக்கட்டும். அதற்காகத் தட்டுப்பாட்டு நாளில் கொடுத்த காசை அடிவிலையாக வைத்து அதற்கு மேல் மூன்று இலட்சம் கேட்பதில் நியாயம் இல்லை.

நான் செய்தது இதுதான். விளம்பரத்தில் வந்த வெகன் ஆர் கார்கள் பதினான்கைத் தாளில் எழுதினேன். 'புது நம்பர்' என்பதில் மயங்காமல் செய்த ஆண்டை ஒவ்வொருவரிடமும் கேட்டேன், ஏனென்றால் ஜப்பானில் 2015 இல் செய்து, அங்கே ஓடி, இங்கே 2017 இல் பதிந்த காரை எல்லோரும் 2017 என்றுதான் விற்கிறார்கள். இரண்டு கிழமை பொறுத்து அதே ஆட்களுக்கு மறுபடி எடுத்தேன், இந்த முறை விற்றுவிட்டவர்களிடம் எவ்வளவுக்குப் போனது என்று கேட்பதற்காக. விற்கும்வரை ஒளிக்கிற மனிதர் விற்ற பிறகு எவ்வளவு சந்தோஷமாக உண்மை சொல்கிறார் தெரியுமா! விற்றிருந்த ஐந்து பேரில் மூவர் சொன்னார்கள். கேட்ட விலையிலிருந்து மூன்று, நான்கு இலட்சம் இறங்கித்தான் கொடுத்திருந்தார்கள். 2015 இல் செய்தவை 55, 56 இலட்சத்துக்குப் போயிருந்தன. இணையத்தில் ஓடுகிற விலைகளும் கேட்கிற விலைகள்தான், அவற்றைக் கூட்டிச் சராசரி எடுத்து ஒரு பிரயோசனமும் இல்லை.

தெஹிவளைக் காரின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால் அதுவும் 2015 தான். மீற்றரில் 41,000 கிலோமீற்றர். குறைந்த மீற்றர் என்றாலே பொய் என்று நான் சொல்ல மாட்டேன், கோவிட் முடக்கமும் பெற்றோல் வரிசையும் இருந்தன, 2022 இல் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கிடத் தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். ஆனால் டயரின் பக்கத்தில் 3119 என்று நாலு இலக்கம் இருந்தது, அதாவது 2019 இன் 31 ஆவது கிழமையில் செய்த டயர். நாலும் அப்படியே. இன்றைக்கு 41,000 ஓடிய கார் என்றால் 2019 வாக்கிலேயே அதற்கு ஏன் நாலு டயரும் மாற்ற வேண்டி வந்தது? கேட்டேன். "முதல் ஓனர் ரசனைக்காரர்" என்றார்.

நான் கூட்டிக்கொண்டு போன கராஜ் பாஸ் (மெக்கானிக்) அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, மரைன் டிரைவ் பக்கம் நின்ற கார் போல, கடல் காற்று அடியைத் தின்னத் தொடங்கிவிட்டது என்றார். சீற் பெல்ற்றை முழுதாக இழுத்தும் பார்த்தார், கடைசியில் சேற்றுக் கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வாகனமாம். மழை வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எத்தனை கார் மூழ்குகிறது என்று நினைத்தால் இதைப் பார்க்காமல் காசு கொடுக்க முடியாது. நல்லவேளை, கோடு இல்லை. பெற்றோல் இன்ஜினுக்கு உதவியாக மோட்டரை ஓட்டுகிற ஹைபிரிட் பற்றரியை நினைத்துத்தான் எனக்குப் பயம், ஆனால் வெகன் ஆரில் இருப்பது சீற்றுக்குக் கீழே ஒரு சிறிய பற்றரி, டொயோட்டா அக்வாவின் பெரிய பற்றரிக்குச் சொல்கிற கணக்கை இதற்குப் போட்டுக் குழம்ப வேண்டாம் என்று பாஸ் சொன்னார்.

ஆக 55 இலிருந்து டயருக்கு ஒன்று, அடித் துருவுக்கும் முன் ஷொக் அப்சோபருக்கும் ஒன்று கழித்து 53 சொன்னேன். அவர் சிரித்தார். அந்த விளம்பரம் போன ஞாயிறும் உங்கள் பத்திரிகையில் வந்தது, ஐந்தாவது தடவை.

நாங்கள் கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு கார் எடுத்தோம். அதுவும் 2015 தான், 55 முடிந்தது. அந்த மனிதர் காரைக் காட்ட முதல் பதிவுப் புத்தகத்தைக் காட்டினார், லீசிங் கம்பனி விடுவித்த கடிதமும் கூடவே இருந்தது, முன் பம்பர் ஒருமுறை பெயின்ற் அடித்தது என்று நாங்கள் கேட்காமலே சொன்னார். அதற்காகவே ஒரு இலட்சம் கூடக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன், அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இனி என் கோரிக்கை. வாகன விளம்பரம் எடுக்கும்போது செய்த ஆண்டு, பதிந்த ஆண்டு, எத்தனையாவது உரிமையாளர், கேட்கும் விலை ஆகிய நாலையும் கட்டாயமாகக் கேளுங்கள். சொல் கணக்கில் காசு வாங்குகிறீர்கள் என்பது தெரியும், இந்த நாலுக்கும் காசு வேண்டாம் என்று விட்டுவிடலாமே. முடியாது என்றால் என்னிடமே தொடங்குங்கள். அடுத்த மாதம் என் பழைய ஆல்ட்டோவுக்கு விளம்பரம் தரப்போகிறேன். மூன்றாவது உரிமையாளர், ஏசி அவ்வளவு குளிராது, விலை இவ்வளவு என்று எழுதித் தருவேன். கூடுதல் சொற்களுக்கான காசையும் கட்டுகிறேன், ஒன்றையும் வெட்டாமல் போடுங்கள்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.