சிமோன் ஆஷ்லியின் படத்தைச் சுவரொட்டியில் போடும் முன்: பிரித்தானியத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் சங்கங்களின் கலைப்பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் நிருவாகக் குழுக்களுக்கும் வணக்கம்.

2022 மார்ச்சில் ‘பிரிட்ஜர்டன்’ தொடரின் இரண்டாம் பருவம் வந்தது. சரே மாவட்டத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சிமோன் ஆஷ்லி அதில் கதாநாயகி. அதற்குப் பிறகு நம் மண்டபங்களில் ஒரு புதுவகை நிகழ்ச்சி பெருகியிருக்கிறது: காலையில் நடிப்புப் பயிலரங்கு, மாலையில் மாடலிங் நடை, வாசலருகே போர்ட்ஃபோலியோ (மாடல் வாய்ப்புக் கேட்கக் காட்டும் படங்களின் தொகுப்பு) எடுத்துத் தரும் நிறுவனத்தின் மேசை. பிள்ளைகளுக்கு ஆர்வம் வருவது நல்லதே. அந்த மேசைதான் எங்களை எழுத வைத்தது. அதை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் நடிப்பு, மாடலிங், தயாரிப்பு ஆகிய மூன்று தொழில்களின் ஒப்பந்தங்களையும் பெற்றோருக்கு விளக்குங்கள் என்று கேட்கிறோம்.

சிமோன் மூன்றிலும் கால் வைத்திருக்கிறார். 2025-இல் வந்த ‘பிக்சர் திஸ்’ படத்தில் நாயகியாக நடித்ததோடு நிர்வாகத் தயாரிப்பாளராகவும் இருந்தார். ஆனால் அவருடைய பயணம் இன்னும் பாதியில்தான் இருக்கிறது. முழு நீளத்தில் பார்க்க பிரித்தானிய நடிகை எலிசபெத் ஹர்லி பொருத்தமானவர். 1965-இல் பேசிங்ஸ்டோக்கில் பிறந்து, 1988-இல் பிபிசியின் ‘கிறிஸ்டபெல்’ தொடரில் முதன்மைப் பாத்திரம் ஏற்றவர். 1994 மே மாதம் ஒரு படத்தின் லண்டன் முதற்காட்சிக்கு, தங்க ஊசிகளால் கோத்த வெர்சாச்சே உடையில் போனார். பத்திரிகைகள் இன்றுவரை அந்த உடையைத்தான் எழுதுகின்றன. அது இரவல் உடை. அதை அணிந்ததற்குச் சம்பளம் கிடையாது. அதற்குப் பின் வந்த இரண்டு ஒப்பந்தங்கள்தான் அவருடைய தொழில்.

முதலாவது, 1995-இல் எஸ்டீ லாடர் அழகுப்பொருள் நிறுவனத்தின் முகமானது. அப்போது அவருக்கு 29 வயது. அதற்கு முன் அவர் தொழில்முறை மாடல் அல்ல. பதினாறு வயதில் படம் எடுத்து வைக்காவிட்டால் காலம் போய்விடும் என்று மேசைக்காரர் சொன்னால், இந்த வயதை அவரிடம் சொல்லுங்கள்.

விளம்பர மாடலிங்கில் பணம் இரண்டு பகுதிகளாக வரும். ஒன்று, படப்பிடிப்பு நாளுக்கான கூலி. மற்றது, அந்தப் படத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கான கட்டணம். பெரிய தொகை இரண்டாவதில்தான் இருக்கிறது. எந்தெந்த நாடுகளில், எந்தெந்த ஊடகங்களில், எத்தனை மாதங்களுக்கு என்ற மூன்றையும் வைத்து அது தீர்மானிக்கப்படும். முதல்முறை கையெழுத்திடுபவர்கள் நாள்கூலியை மட்டும் பார்த்து, ‘உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும், காலவரையறையின்றி’ என்ற வரியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரியோடு, பிறகு வரவேண்டிய எல்லாக் கட்டணமும் போய்விடும். இப்போது இன்னொரு வரியும் சேர்ந்திருக்கிறது: முகத்தையும் குரலையும் ஸ்கேன் செய்து டிஜிட்டல் பிரதி உருவாக்கும் உரிமை. அதைத் தனி ஒப்பந்தமாக, தனிக் கட்டணத்தோடு கேட்கவேண்டும். பொது ஒப்பந்தத்துக்குள் வைத்தால் அடித்துவிடச் சொல்லவேண்டும்.

அடுத்தது, போட்டியாளருக்கு வேலை செய்யக்கூடாது என்ற பிரத்தியேக நிபந்தனை. ஒரு முகப்பூச்சு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டால், அந்தக் காலம் முழுவதும் போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்ய முடியாது. பெரிய நட்சத்திரத்துக்கு அந்தத் தடைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார்கள். புதியவருக்குப் பெரும்பாலும் தடை மட்டும் கிடைக்கும். ஒரு நாள் வேலைக்கு ஒரு வருடத் தடை என்றால் ஒன்று தொகையைக் கூட்டவேண்டும், அல்லது காலத்தைக் குறைக்கவேண்டும்.

மாடலிங்கும் நடிப்பும் ஒன்றோடொன்று மோதும் இடத்தையும் ஹர்லியின் கதையில் பார்க்கலாம். 2000 மே 1 முதல் அக்டோபர் இறுதிவரை அமெரிக்க நடிகர் சங்கம் விளம்பரப் படங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தது. அந்த நேரத்தில் அவர் எஸ்டீ லாடர் விளம்பரத்தில் நடித்தார். வேலைநிறுத்தம் நடப்பது தெரியாது என்றார். சங்கம் ஏற்கவில்லை, 1,00,000 டாலர் அபராதம் விதித்தது. மாடலாகப் போட்ட ஒப்பந்தத்துக்கு நடிகையாகத் தண்டம் கட்டினார். 2002 முதல், உறுப்பினர்கள் எந்த நாட்டில் வேலை செய்தாலும் தங்கள் ஒப்பந்தத்தின் கீழ்தான் செய்யவேண்டும் என்று அந்தச் சங்கம் விதியை இறுக்கிவிட்டது. ஆகவே ஓர் அமெரிக்கத் தொடருக்காக அதில் சேரும் நம் பிள்ளை, லண்டனில் விளம்பரம் ஒன்றை ஒப்புக்கொள்ளும் முன்பும் சங்கத்தைக் கேட்கவேண்டும். இங்குள்ள பிரித்தானிய நடிகர் சங்கமான ஈக்விட்டி வேறு. அதில் இருப்பது இதற்குப் பதிலாகாது.

இனி அந்த மேசை. இந்த நாட்டுச் சட்டப்படி, மாடல் முகவர் எவரும் வேலை வாங்கித் தருமுன் மாடலிடம் ஒரு பென்னிகூட வாங்கக்கூடாது. பதிவுக் கட்டணம், இணையப் பக்கத்தில் படம் போடும் கட்டணம் எதுவும் கூடாது. நடிகர்கள், துணை நடிகர்களின் விவரங்களை வெளியிட முன்பணம் கேட்கலாம். ஆனால் ஒப்பந்தம் போட்டபின் 30 நாள் பொறுத்தே வாங்கவேண்டும், அதற்குள் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. மேசைக்காரர் இதற்குள் சிக்குவதில்லை. ஏனென்றால் அவர் முகவர் அல்ல, ஸ்டூடியோ. பிள்ளைக்கு நல்ல முகவெட்டு என்பார், இலவசமாக ‘டெஸ்ட் ஷூட்’ (சோதனைப் படப்பிடிப்பு) என்பார், பிறகு படங்களைத் தவணை முறையில் விற்பார். மண்டபத்தில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் ரத்துசெய்யும் உரிமை பொதுவாக உண்டு. ஆனால் அதற்குள் படம் எடுத்துக் கொடுத்துவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.

அந்தப் படங்கள் தேவையுமில்லை. நல்ல முகவர்கள் முதலில் கேட்பது கைபேசியில் எடுத்த சாதாரணப் படங்களை: பகல் வெளிச்சம், வெற்றுச் சுவர், ஒப்பனை கூடாது, ஒட்டிய எளிய உடை. முகம் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இடுப்புவரை ஒன்று, முழு உயரம் ஒன்று. கூடவே சரியான உயரமும் அளவுகளும். உயரத்தை இரண்டு அங்குலம் கூட்டி எழுதுவது வழக்கமான தவறு. நேரில் போனதுமே தெரிந்துவிடும். முகவர் தன் கமிஷனை வேலை கிடைத்தபின் எடுத்துக்கொள்வார். மாடலிங்கில் வழக்கமாக 20 சதவீதம், நடிப்பில் 10 முதல் 15 வரை, அதன்மேல் வாட் வரி. வாடிக்கையாளரிடமிருந்து பணம் வந்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை, 10 நாட்களுக்குள் கலைஞரிடம் சேர்க்கவேண்டும் என்பதும் விதி.

நடிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், பயிலரங்குகளில் ஓரளவு பேசுகிறீர்கள். ஆனால் மேடை நடிப்பையே சொல்லித் தருகிறீர்கள். வாய்ப்பு வருவது செல்ஃப் டேப் வழியாக, அதாவது நடிப்பை நீங்களே பதிவுசெய்து தேர்வுக்கு அனுப்பும் காணொளி வழியாக. கைபேசியைக் கிடைமட்டமாக வைத்து, மார்புக்கு மேல் தெரியும்படி, கண்மட்டத்தில் எடுக்கவேண்டும். எதிர்வசனம் படிப்பவர் கேமராவுக்கு ஒட்டி நிற்கவேண்டும், அவர் குரல் நடிப்பவரின் குரலை அமுக்கக்கூடாது. பெரும்பாலானவை நிராகரிக்கப்படுவது நடிப்பினால் அல்ல. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததால் முகம் இருண்டுபோனது, சமையலறை எதிரொலி, கடைசி நேரம் கடந்து அனுப்பியது. தேர்வாகி நடித்து முடித்தாலும் திரையில் வருவோம் என்ற உறுதி இல்லை. 2025-இல் வெளிவந்த ‘எஃப் 1’ படத்தில் சிமோன் ஆஷ்லியின் பகுதி ஏறக்குறைய முழுதும் படத்தொகுப்பில் போய்விட்டது. சம்பளம் என்பது செய்த வேலைக்கு, திரையில் வரும் நிமிடங்களுக்கு அல்ல என்று ஒப்பந்தம் தெளிவாக இருக்கவேண்டியது இதற்காகத்தான்.

தயாரிப்புக்கு வருவோம். நம்மவர்களின் பேச்சில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். ஹர்லியின் இரண்டாவது ஒப்பந்தம் காட்டுவது வேறு. அவர் நடிகர் ஹியூ கிராண்டுடன் சேர்ந்து சிமியன் ஃபிலிம்ஸ் நிறுவனத்தை நடத்தினார். காஸில் ராக் நிறுவனத்தின் பணத்தில் ‘எக்ஸ்ட்ரீம் மெஷர்ஸ்’ (1996), ‘மிக்கி ப்ளூ ஐஸ்’ (1999) ஆகிய இரு படங்களைத் தயாரித்தார். இரண்டிலும் அவர் நடிக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். முதல் படம் ஒரு நாவலிலிருந்து எடுத்தது. இன்று ஒரு நாவலைப் படமாக்க விரும்பும் இளம் தயாரிப்பாளரும் அங்கேதான் தொடங்கவேண்டும். முழு விலை கொடுத்து உரிமையை வாங்காமல், அதில் ஒரு சிறு பங்கைக் கொடுத்து 12 அல்லது 18 மாதத்துக்கு அதை வாங்கும் முன்னுரிமை (ஆப்ஷன்) பெறுவது வழக்கம். அந்தக் காலத்துக்குள் திரைக்கதையும் பணமும் சேரவேண்டும், இல்லையேல் உரிமை எழுத்தாளருக்கே திரும்பும். எழுத்தாளர் தெரிந்தவர் என்பதால் வாய்மொழியாக முடித்துக்கொள்வது நம்மிடையே அதிகம். உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தொடர்ச்சியாகக் காட்டும் தாள்கள் இல்லாத படத்துக்குக் காப்பீடும் கிடைக்காது, விநியோகமும் நடக்காது.

படத்துக்கென்று தனியாக ஒரு லிமிடெட் நிறுவனம் பதிவுசெய்யவேண்டும். ஒரு படத்தின் கடன் அடுத்ததைத் தொடாமலிருக்க அதுதான் வழி. அரசின் வரிச்சலுகை பெற, திரையரங்கில் வெளியிடும் நோக்கம் இருக்கவேண்டும். பிஎஃப்ஐ (பிரித்தானியத் திரைப்பட நிறுவனம்) நடத்தும் பண்பாட்டுத் தேர்வில் 35 புள்ளிகளில் 18 பெற்றால் அது பிரித்தானியப் படம். மையச் செலவில் (முன்தயாரிப்பு, படப்பிடிப்பு, பின்தயாரிப்புச் செலவு) குறைந்தது 10 சதவீதம் இந்த நாட்டில் நடந்திருக்கவேண்டும். அப்போது வரிச்சலுகை 34 சதவீதம். 25 சதவீத நிறுவன வரி போனால் கையில் நிற்பது 25.5. சிறு பட்ஜெட் சுயாதீனப் படங்களுக்கு 53 சதவீதச் சலுகை உண்டு, அது கையில் 39.75. இந்த விகிதங்களைப் பட்ஜெட் முழுவதன்மேலும் கணக்கிடக்கூடாது. மையச் செலவில் அதிகபட்சம் 80 சதவீதத்துக்கே கிடைக்கும். பணமும் படப்பிடிப்பின்போது வராது, கணக்கு தாக்கல் செய்தபின் வரும். இடைவெளியை வட்டிக் கடனால் நிரப்பவேண்டும். அந்த வட்டியைப் பட்ஜெட்டில் எழுதாததால் படத்தொகுப்பு மேசையில் நின்றுபோகும் முதல் படங்கள் உண்டு.

படம் விற்றபின் பணம் இறங்கும் வரிசையையும் சொல்லிக்கொடுங்கள்: விற்பனை முகவரின் கமிஷன், அவருடைய செலவு, கடன் கொடுத்தவர், முதலீட்டாளர், அதன்பின்தான் லாபப்பங்கு. ஊதியம் இல்லாமல் லாபப்பங்கு மட்டும் தருகிறோம் என்று ஒரு நடிகையிடம் சொன்னால், அவர் நிற்கும் இடம் இந்த வரிசையின் கடைசி. நிர்வாகத் தயாரிப்பாளர் என்ற பட்டத்தையும் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுப்பார்கள். அதை ஏற்பதில் தவறில்லை. ஆனால் திரைக்கதை, நடிகர் தேர்வு, இறுதித் தொகுப்பு ஆகியவற்றில் கருத்துச்சொல்லும் உரிமை பட்டத்தோடு எழுத்தில் வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

வருமானவரியில் அடிபடுவது பெரும்பாலும் முதல் பெரிய விளம்பரத்தில். ஏப்ரல் 5-உடன் முடியும் வரியாண்டுக்கு, அடுத்த அக்டோபர் 5-க்குள் சுயமதிப்பீட்டில் பதியவேண்டும். பணம் ஜனவரி 31-க்குள். அன்றே அடுத்த ஆண்டுக்கான முன்பணத்தில் பாதியும் கேட்பார்கள். அதற்குள் விளம்பரப் பணம் காராக மாறியிருக்கும்.

கடைசியாக, பதினாறுக்கு உட்பட்ட பிள்ளைகள். பணத்துக்கு மாடலிங் செய்தாலோ, நடிப்பதற்காகப் பள்ளிக்கு விடுப்பு எடுத்தாலோ, பிள்ளை வசிக்கும் உள்ளூராட்சி சபையின் உரிமம் தேவை. விண்ணப்பிப்பது தயாரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. 21 நாள் முன்னதாகக் கொடுக்காவிட்டால் சபை மறுக்கலாம். பெற்றோரோ ஆசிரியரோ உடன் இல்லாவிட்டால், சபை அங்கீகரித்த மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கவேண்டும். 5 முதல் 8 வயதுவரை உள்ள பிள்ளை படப்பிடிப்பிடத்தில் இருக்கக்கூடியது நாளுக்கு 8 மணிநேரம், அதற்குள் நடிப்பது 3 மணிநேரம். 9 வயது முதல் அவை ஒன்பதரை மணிநேரமும் ஐந்து மணிநேரமும். உங்கள் மண்டபத்தில் பிள்ளைகளைத் தேர்வுசெய்ய யாராவது இடம் கேட்டால், உரிமத்துக்கு எந்தச் சபையில், எந்தத் தேதியில் விண்ணப்பிக்கப்போகிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
திரைத்துறையின் ஒப்பந்த, கணக்குப் பணிகளில் இருக்கும் தமிழர் சிலர்