செக்ரோல் புத்தகங்கள் கறையானுக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் யாராவது கலாநிதிப் பட்டம் வாங்கினால் மாலை போட்டு, பொன்னாடை போர்த்துகிறோம். சரி, போர்த்துவோம். பாதியில் விட்டவர்களை யார் விசாரிக்கிறார்கள்?

நான் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே, 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குப் பிறகு தோட்டப் பெண்களின் சம்பளம் எப்படி இருந்தது என்று பகுதிநேரமாக ஆய்வு செய்கிறேன். அரச ஆவணங்களைப் பார்க்க லீவு போட்டு, அட்டன் வரை பஸ், அப்புறம் ரயில் பிடித்து, கொழும்பு 7இலுள்ள சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டும். என் ஆய்வு மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் நம்பர் போனில் தெரிந்தாலே வயிற்றைக் கலக்கும்.

எனக்கு முக்கியமாகத் தேவைப்படுவது தோட்டத்துச் செக்ரோல், அதாவது தொழிலாளரின் வரவையும் சம்பளத்தையும் பதியும் புத்தகம். ஒரு தோட்டத்தின் பழைய ஸ்டோருக்குள் சில புத்தகங்களைக் கண்டேன். கறையான் தின்றது போக மிஞ்சிய தாள்களில் ஆள் பெயர், அதற்கு நேரே அரைப்பேர் (அரைநாள் வேலைக் கணக்கு), அரிசிக்குப் பிடித்த காசு. எங்கள் அப்பாயிமார் உழைத்த கணக்கு அது. படம் எடுக்கக் கேட்டால் "மேலிடத்தில் கேளுங்கள்" என்கிறார்கள். அந்த மேலிடம் எதுவென்று சொல்லத்தான் ஆளில்லை.

இவற்றைச் சேகரித்து நுவரெலியா மாவட்டத்திலேயே ஓர் அறையில் வைத்து, ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். உதவித்தொகையைப் பற்றி அப்புறம் பேசலாம். மழைக்கு முன் அந்த ஸ்டோரின் ஓட்டைத் தகரத்தையாவது முதலில் மாற்றட்டும்.

ஆய்வு மாணவி ஒருவர்,
பொகவந்தலாவை.