உரம் கேட்காத ஆரஞ்சுப் பூ

நேப்பர்வில், இல்லினாய்
ஜூலை மாதம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் மொட்டை மாடித் தோட்டத்துப் படங்களும் கிடைத்தன. முழங்கால் ஆபரேஷன் முடிந்த கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறாய் என்று படித்ததும் உன்னைத் திட்டத்தான் வந்தது. அந்தப் புடலங்காய்ப் பந்தலைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். மாடிக்கு ஒரு குழாய் இழுத்துவிடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவர் ரிட்டயர் ஆகிவிட்டார். நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறார் என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

போனில் அனுப்பிய ஆரஞ்சுப் பூ என்ன என்று கேட்டிருந்தாய். பட்டர்ஃபிளை மில்க்வீட். நம்ம ஊர் எருக்குக்குச் சொந்தம். காய் முற்றி வெடித்தால் அதே பட்டுப் பஞ்சோடு விதை பறக்கும். பூச்சியின் காலில் மகரந்தத்தைப் பொட்டலமாக மாட்டிவிடும் தந்திரமும் அதேதான். ஆனால் இதன் தண்டைக் கிள்ளினால் பால் வராது. அந்தக் குடும்பத்தில் இது ஒரு அதிசயம்.

இது இந்த மண்ணின் பூ. இல்லினாயின் பாதிக்கு மேல் ஒரு காலத்தில் ஆளுயரப் புல்லும் காட்டுப் பூக்களுமாக பிரெய்ரி நிலமாக இருந்தது. 1837இல் இதே மாநிலத்தின் கிராண்ட் டிடூர் என்ற ஊரில் ஜான் டியர் மண் ஒட்டாத எஃகுக் கலப்பையைச் செய்தார். அதற்குப் பிறகு எல்லாம் மக்காச்சோளமும் சோயாவும்தான். பழைய பிரெய்ரி நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான், அதுவும் ரயில் பாதை ஓரங்களிலும் பழைய கல்லறைகளிலும். எங்கள் பக்கத்து பட்டேவியாவில் ஃபெர்மிலாப் என்ற இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறதல்லவா, அங்கே துகள் முடுக்கியின் பெரிய வளையத்துக்குள்ளேயே 1975 முதல் பிரெய்ரிச் செடிகளை விதைத்து மீட்டிருக்கிறார்கள். ராபர்ட் பெட்ஸ் என்ற உயிரியல் பேராசிரியர் முன்னின்று செய்த வேலை. வெளியே இறங்கினால் எல்லா வீட்டு வாசலிலும் ஒரே மாதிரி மழித்த புல்தரை. அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

வளர்ப்பு முறை கேட்டாய். உனக்கு இது பிடிக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். செடி என்றால் சாணியும் கடலைப் புண்ணாக்கும் போட்டு இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுவதுதானே நமக்குத் தெரியும்? இதற்கு அந்த உபசாரம் ஆகாது. சத்து அதிகமானால் தண்டு வளர்ந்து சாய்ந்துவிடும், ஈரம் தேங்கினால் அடி அழுகிவிடும். எங்கள் மண் களிமண். அதனால் கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய சரிவில், சரளையும் மணலும் கலந்த, நாள் முழுக்க வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தேன். ஒரு முறை வேர் பிடித்துவிட்டால் வறட்சிக்கு அசையாது.

விதை முளைக்க முதலில் குளிர் வேண்டும். ஈர மணலில் கலந்து பிரிட்ஜில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டும். இவர் பையைத் திறந்து பார்த்து “இது என்ன மசாலா?” என்றார். இல்லையென்றால் இலையுதிர் காலத்திலேயே தூவிவிட்டால் மிச்சத்தைப் பனி பார்த்துக்கொள்ளும். முதல் வருஷம் மேலே சாண் உயரம்கூட இருக்காது, வளர்ச்சியெல்லாம் ஆணிவேரில்தான். பூவுக்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும். ஆழமாக இறங்கிய அந்த வேர் ஒடிந்தால் செடி பிழைப்பது கடினம், அதனால் இடம் மாற்றக் கூடாது. வசந்தத்தில் மற்றதெல்லாம் பச்சை கட்டிய பிறகு, மே மாதத்தில்தான் இது தலை நீட்டும். அதற்குள் செத்துவிட்டது என்று கொத்திப் போடுகிறவர்கள் உண்டு. இவர் கையில் மண்வெட்டி இருப்பதால் நான் ஒவ்வொன்றின் அருகிலும் குச்சி நட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது முழங்கால் உயரத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிறது. மொனார்க் வண்ணத்துப்பூச்சி தேன் குடிக்க இதற்குத்தான் வருகிறது. முட்டையிட மட்டும் பின்பக்கம் இருக்கிற சதுப்பு மில்க்வீடைத் தேடிப் போகிறது, அதன் இலை பெரிது. கோடைக் கடைசியில் பிறக்கிற தலைமுறை இங்கிருந்து மெக்ஸிகோவின் மிச்சோகான் மலைக்காடுகள்வரை பறக்கும். மஞ்சள் அசுவினி தண்டில் அப்பிக்கொள்ளும். மருந்து அடித்தால் புழுவும் சாகும், அதனால் ஹோஸால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுவேன்.

விதை அனுப்பச் சொன்னாயே, வேண்டாம். குளிர்காலம் இல்லாத திருச்சியில் இதற்கு என்ன வேலை? போதாக்குறைக்கு அனுமதி வாங்காமல் விதை அனுப்பக் கூடாது. உன் தெருக்கோடி எருக்கிலேயே வெந்தய வரியன் முட்டையிடும், மொனார்க்கின் நெருங்கிய உறவு அது. நிறமும் ஏறக்குறைய அதேதான். இலையைப் புரட்டிப் பார், வரி வரியாகப் புழு இருந்தால் படம் அனுப்பு.

அப்புறம், செப்டம்பரில் உன் மகள் சிகாகோ வருகிறாளாமே. ஹோட்டல் எல்லாம் வேண்டாம், எங்கள் வீட்டில் தங்கட்டும். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஊருக்குள் போய்விடலாம். வத்தக்குழம்பு இன்னும் சாப்பிடுகிறாளா, இல்லை அவளும் இப்போது சாலட் கட்சியா என்று எழுது.

அன்புடன்,
கமலா