கேசட் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க டிவியின் பேச்சு நிகழ்ச்சிக்காரர் ஓப்ரா வின்ஃப்ரே பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ரசித்துப் படித்தேன். இரண்டாம் முறை, ஏதோ விட்டுப்போயிருக்கிறதே என்று தேடிப் படித்தேன். மிசிசிப்பியில் பாட்டி வீட்டில் உருளைக்கிழங்குச் சாக்கில் தைத்த உடுப்போடு வளர்ந்தது, ஒன்பது வயதில் தொடங்கிய கொடுமை, பதினான்கு வயதில் பிள்ளை பெற்றுப் பறிகொடுத்தது எல்லாம் விரிவாக இருந்தது. கடைசிப் பத்தியில் சட்டென்று பெரிய கோடீஸ்வரி ஆகிவிட்டார். கண்ணீரிலிருந்து பணத்துக்கு நேர் பஸ் கிடையாது சார். நடுவில் எங்கேயோ இறங்கி மாறி ஏறியிருக்கிறார். அந்த இடத்தைத்தான் கட்டுரையில் காணோம்.

அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். ஓப்ரா என்பது ஆப்பிரிக்கப் பெயர் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. பாளையங்கோட்டையில் ஞாயிறு பள்ளிக்குப் போன பிள்ளை யாரைக் கேட்டாலும் சொல்லும், பைபிளில் வருகிற ரூத்தின் ஓரகத்தி ஒர்பாள் என்று. மாமியார் நகோமியைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். பாட்டி வீட்டார் வைத்தது அந்தப் பெயரைத்தான். மற்றவர்கள் வாயில் எழுத்து இடம் மாறி ஓப்ரா ஆனது. எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு ரூத் உண்டு. ஒர்பாள் என்று ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1976ல் ஓப்ராவைப் பால்டிமோர் நகர டிவியில் செய்தி வாசிக்க அமர்த்தி, மறு வருஷமே அந்த நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார்கள். பேச்சு நிகழ்ச்சிக்குத் தள்ளினார்கள், அதுவே அவருக்கு வாய்த்தது. 1984 ஜனவரியில் சிகாகோவில், பார்க்க ஆளில்லாமல் கிடந்த ஒரு காலை நிகழ்ச்சியைக் கையில் கொடுத்தார்கள். சில வாரங்களில் ஊரில் முதலிடம். அப்போதும் அவர் சம்பளக்காரர்தான். 1985ல் ‘தி கலர் பர்ப்பிள்’ படத்தில் நடிக்க வாய்ப்பு வந்தபோது, ஒப்பந்தத்தில் இருந்த விடுப்பு படப்பிடிப்புக்குப் போதவில்லை. நிலையத்தாரிடம் கெஞ்சி நாள் வாங்க வேண்டியிருந்தது. நிகழ்ச்சி உன்னுடையதாக இருந்தால் யாரிடமும் லீவு கேட்க வேண்டாமே என்ற யோசனை அவருடைய வக்கீல் ஜெஃப் ஜேக்கப்ஸிடமிருந்து வந்தது.

இன்னொரு யோசனை ராஜர் ஈபர்ட் என்ற சினிமா விமர்சகரிடமிருந்து. சாப்பாட்டு மேசையில் கை துடைக்கிற காகிதத்தை எடுத்து அவர் ஒரு கணக்குப் போட்டார். தன் வருஷ வருமானத்தை முதலில் எழுதினார். தன் நிகழ்ச்சியில் இரண்டு பேர், ஓப்ரா ஒருத்தர்தான், ஆக இரண்டால் பெருக்கு. தனக்கு வாரம் ஒரு நாள், ஓப்ராவுக்கு ஐந்து நாள், ஐந்தால் பெருக்கு. அரை மணிக்குப் பதில் ஒரு மணி. பார்ப்பவர்களும் இரட்டிப்பாவது இருப்பார்கள். ஆக 40 மடங்கு. வழி என்னவென்றால், ஒரே நிகழ்ச்சியை ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்குத் தனித்தனியே விற்பது. நம் சினிமாக்காரர்கள் டி.கே. (திருநெல்வேலி-கன்னியாகுமரி) ஏரியா, கோவை ஏரியா என்று பிரித்து விற்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். 1986 செப்டம்பர் 8 முதல் ஓப்ராவின் நிகழ்ச்சி அமெரிக்கா முழுக்கப் போனது. தன் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு ஹார்ப்போ என்று கம்பெனி தொடங்கினார். 1988ல் நிகழ்ச்சியின் உரிமையே அந்தக் கம்பெனி கைக்கு வந்தது. 2011 மே 25 வரை 25 வருஷம் ஓடியது. 2003ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் பெரும் பணக்காரர் பட்டியலில் அவரை ஏற்றிய பணம் முக்கால்வாசி இந்த ஒரு கையெழுத்திலிருந்து கிளைத்தது என்பேன்.

எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்றால், 1990களின் கடைசியில் நானும் இந்த ஊரில் ஒரு லோக்கல் கேபிள் சேனலில் செய்தி வாசித்தவள். பிறந்தநாள் வாழ்த்து, ஆனித் தேர், தசராச் சப்பரம் எல்லாம் போக, வாரம் ஒரு பெண்ணோடு அரை மணி பேசுவேன். மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறவர்கள், பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள், மார்க்கெட்டில் கீரை விற்கிற ஆச்சிமார். யாரோடு பேசுவது, என்ன கேட்பது எல்லாம் நான்தான். ஒரு நாள் பழைய கேசட்டுகளைக் கேட்டேன். அதன்மேல் கல்யாண வீடியோ ஏற்றியாகிவிட்டது என்றார்கள். முதலாளியிடம் போய் நின்றதற்கு, “சம்பளம் வாங்குதேல்லாம்மா, பெறவு என்ன?” என்றார். அவர் சொன்னதில் சட்டப்படி தப்பே இல்லை. காகிதத்தில் ஒரு வரி கூட நான் எழுதி வாங்கியிருக்கவில்லை. (அவர் இன்னும் நல்லா இருக்கிறார், நானும் அதே தெருவழியாகத்தான் நடக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.)

ராத்திரி ஒன்பதரைக்கு ஊரே ‘சித்தி’ பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் ராதிகாவின் அழுகையையும் சேலையையும் பற்றிப் பேசினோம். 1999ல் தொடங்கிய அந்தத் தொடரைத் தயாரித்ததே அவருடைய ராடான் கம்பெனிதான் என்பதை யாரும் பேசவில்லை. நானும்தான்.

ஓப்ராவைக் கும்பிடச் சொல்லவில்லை. அவர் மேடையேற்றிய வைத்தியர்கள் சிலர் சொன்னதைக் கேட்டால் எங்கள் தெரு நாட்டு மருந்துக்கடைக்காரரே சிரிப்பார். 2011ல் தொடங்கிய சொந்தச் சேனலும் ஆரம்பத்தில் தள்ளாடத்தான் செய்தது. ஆனால் தள்ளாடினாலும் அது அவர் பெயரில் இருந்தது.

போன மாதம் என் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறாள். சொதிக்குழம்பு வீடியோவுக்கு நல்ல கூட்டம். சேனல் யார் மெயில் ஐடியில் இருக்கிறது என்று கேட்டேன். எடிட்டிங் செய்கிற தம்பியோட ஐடியாம். பாஸ்வேர்டும் அவனிடம்தான். நல்ல பையன்தான் அக்கா என்கிறாள். நல்ல பையனாகவே இருக்கட்டும், நாளைக்கே மாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாற்றினாளா தெரியவில்லை. அடுத்த முறை இப்படி ஒரு பெண்ணைப் பேட்டி எடுக்கும்போது, பட்ட கஷ்டத்தைக் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: உங்கள் நிகழ்ச்சி யார் பெயரில் இருக்கிறது?

அப்புறம் ஒரு உதவி. என் நிகழ்ச்சிகளில் ஒன்றே ஒன்று மிச்சம். எதிர்வீட்டு அக்கா தன் வீட்டு வி.சி.ஆரில் பதிவு செய்து வைத்திருந்தது. பத்தமடை அம்மா ஒருவர் கோரையைக் கீறிக்கொண்டே பேசுகிறார். டேப்பில் பூஞ்சை படர்ந்து பாதிப் பேச்சு கேட்கவில்லை. நெல்லைப் பக்கம் பழைய வி.எச்.எஸ். கேசட்டைச் சுத்தம் செய்து பென் டிரைவில் ஏற்றித் தருகிறவர்கள் இருந்தால், வாசகர்கள் தங்கள் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முருகன்குறிச்சி, பாளையங்கோட்டை.