தெருப் பாதுகாப்புப் பணிகள்: நிறைவு அறிக்கையும் வரவு செலவும்

நகர் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் நம் நகரின் ஐந்து தெருக்களிலும் மேல முடுக்கிலும் எடுத்துக்கொண்ட வேலைகள் முடிந்துவிட்டன. எரியாத தெருவிளக்குகளைக் கம்ப எண்ணோடு எழுதிக் கொடுத்தோம். மாநகராட்சி மாற்றித் தந்தது. முக்குகளில் வண்டி வருவதை மறைத்த கருவேலம் புதரை வெட்டியாயிற்று. இவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேள்வி எல்லாம் வாறுகால் (தெருவோரச் சாக்கடை) மூடியைப் பற்றித்தான் வந்தது. அதனால் அதை விரிவாகவே எழுதுகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தெருவும் வாறுகாலும் ஒரே மட்டமாகத் தண்ணீர் நின்றது. எது ரோடு, எது வாறுகால் என்று தெரியவில்லை. உடைந்த மூடியை விட ஆபத்தாக இருந்தது, தண்ணீர் வடியட்டும் என்று தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப வைக்காத மூடிதான். எனவே கண்காணிப்புக் கேமரா பொருத்தும் முன்பே வாறுகால் வேலையை முடிப்பது என்று பொதுக்கூட்டத்திலேயே தீர்மானம் போட்டோம். மாநகராட்சியிடம் எழுத்து மூலம் அனுமதியும் வாங்கினோம்.

வாறுகால் உள்ளகலம் 2 அடி. இரு சுவரிலும் அரையடி உட்கார வேண்டும் என்பதால் மூடியாகப் போடும் கான்கிரீட் சிலாப் நீளம் 3 அடி, அகலம் 2 அடி. ஆள் நடக்கும் இடத்துக்கு 4 அங்குலக் கனம், 62 எண்ணம். வீட்டு வாசலில் வண்டி ஏறும் இடத்துக்கு 6 அங்குலக் கனம், 12 மி.மீ. கம்பி, 24 எண்ணம். முதல் வகை ஒன்றுக்கு ரூ.1,400, இரண்டாம் வகைக்கு ரூ.2,600, மொத்தம் ரூ.1,49,200 என்று விலைப்புள்ளியில் தனித்தனி வரியாகவே இருந்தது. ஒப்பந்தக்காரர் கையெழுத்தும் அதில் உண்டு.

வந்ததோ 86-ம் 4 அங்குலம். டேப் வைத்துப் பார்த்த உடனேயே இறக்குவதை நிறுத்தச் சொன்னோம். இறக்கும்போது ஒன்றின் விளிம்பு உடைந்ததில் உள்ளே 8 மி.மீ. கம்பி தெரிந்தது. "எல்லாத் தெருவிலும் இதுதான் போடுறோம், ஒண்ணும் ஆகாது" என்றார் ஒப்பந்தக்காரர். கார் ஏறும் இடத்தில் அது ஆகாது. சிலாப்பின் நடுவில் பாரம் விழும்போது அடிப்பக்கம்தான் இழுபடும். அந்த இழுப்பைத் தாங்குவது அடிக் கம்பி. கம்பி மெலிந்தாலும், அடியில் நிற்காமல் அது நடுவுக்கு ஏறிவிட்டாலும் முதலில் மயிரிழையாக விரிசல் விடும். விரிசல் வழியே சாக்கடை ஈரம் ஏறிக் கம்பி துருப்பிடிக்கும். பிறகு ஒரு நாள் தண்ணீர் லாரியின் பின்சக்கரம் ஏறும்போது சிலாப் உடைந்து உள்ளே போகும்.

6 அங்குலத்தில் மறுபடி வார்க்க ரூ.38,000 கூடுதலாகக் கேட்டார். கொடுக்கவில்லை. வேலை ஐந்து வாரம் நின்றதற்கு இதுதான் காரணம். "கமிட்டி பிடிவாதம் பிடித்துத் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டது" என்று பேசினவர்களுக்கு எங்கள் பதில்: அன்று இறங்கிப் போயிருந்தால் 24 வீட்டு வாசலிலும் பொறி வைத்த மாதிரி ஆகியிருக்கும்.

இரண்டாவது கேள்வி, திருப்பி அனுப்ப வேண்டிய 24 சிலாப்பையும் ஏன் விலைக்கு வாங்கினோம் என்பது. அவை நடைபாதைக்குச் சரியான சிலாப்தான். உடைந்த விளிம்பை அவர் செலவிலேயே பூசித் தந்தார். மேல முடுக்கில் 48 அடி வாறுகால் திறந்தே கிடந்தது. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற வழி. வண்டி நுழையாத முடுக்கு என்பதால் ஒன்று ரூ.800 வீதம் ரூ.19,200-க்கு எடுத்து அங்கே போட்டோம். மதிப்பீட்டைத் தாண்டிய செலவு இது ஒன்றுதான். புது 24-ம் பழைய விலைக்கே வார்த்துத் தந்தார். பத்து நாள் சணல் சாக்கு போட்டு நனைத்து, 28 நாள் கழிந்த பிறகே வண்டி ஏறவிட்டோம். பில்லில் பத்து சதவீதம், ரூ.14,920, இன்னும் நம் கையில் இருக்கிறது. ஒரு ஐப்பசி கார்த்திகை மழை கழிந்தபின்தான் கொடுப்போம்.

சிலாப் இடுக்குகளைச் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல்கிறவர்கள் தயவுசெய்து அடைக்க வேண்டாம். தெருத் தண்ணீர் உள்ளே போக அதுதான் வழி. தூர்வாரவும் மூடி கழல வேண்டும். தண்ணீர் தேங்கும் மூன்று பள்ளங்களில் சிலாப்புக்குப் பதில் இரும்புக் கிராதி போட்டிருக்கிறது. மழையில் எந்த மூடியையும் இனித் தூக்க வேண்டியதில்லை. வாறுகால் ஓரத்தில் இரண்டரை அடிக் கல் நட்டு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். அதில் மாட்டைக் கட்டாதீர்கள்.

வேகத்தடை பள்ளி வாசலில் ஒன்று மட்டுமே, மாநகராட்சி போட்டது. ஒவ்வொரு தெருவிலும் கேட்டார்கள். நாமே கலவை கொட்டிச் செய்யும் செங்குத்தான மேடு இடுப்பை உடைக்கும், ஆம்புலன்ஸைத் தாமதிக்கும். சாலை விதிப்படி உயரம் 10 செ.மீ. என்றால் அகலம் 3.7 மீட்டர் வேண்டும். அப்போதுதான் 25 கி.மீ. வேகத்தில் வண்டி அலுங்காமல் ஏறி இறங்கும். நாற்பது மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். நம் குறுந்தெருக்களில் அதற்கு இடமில்லை.

கேமரா நான்கு. மின்வாரியக் கம்பத்தில் கட்ட அந்த வாரிய அனுமதி வேண்டும் என்பதால் உறுப்பினர் வீட்டுச் சுவர்களில் பொருத்தினோம். மூன்று 4 மி.மீ. லென்ஸ், அகலமாகக் காட்டும். நுழைவாயிலில் உள்ளது 12 மி.மீ., வண்டி எண் படிக்க.

கொடுத்த கைகளை மறக்க முடியாது. சிமெண்ட் இருபது மூடை கொடுத்த மூன்றாம் தெரு பலசரக்குக் கடை அண்ணாச்சி, கிராதி மூன்றையும் கூலி வாங்காமல் வெல்டிங் செய்த பட்டறைக்காரர், பென்ஷனிலிருந்து மாதாமாதம் தந்த முதல் தெரு டீச்சர் அக்கா, வளைகுடாவிலிருந்து அனுப்பிய நான்கு தம்பிமார், கேமராவுக்கு மின்சாரம் தரும் நான்கு வீட்டார், நனைக்கத் தண்ணீர் விட்ட ஐந்தாம் தெருத் தாய்மார் எல்லோருக்கும் நன்றி. முழுப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

வரவு ரூ.3,86,500. செலவு, பிடித்து வைத்த தொகையையும் சேர்த்து, ரூ.3,79,200. இருப்பு ரூ.7,300. பில்களும் அளவுப் புத்தகமும் செயலாளர் வீட்டில் மாலை ஆறு முதல் எட்டு வரை பார்க்கலாம். புரட்டாசி முடிவதற்குள் வாறுகால் தூர்வார வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள் வரவும்.

இப்படிக்கு,
தெருப் பாதுகாப்புப் பணிக் கமிட்டி